வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனம் நடக்காமல் போனால்?

கேள்வி, 9 செப்டம்பர் 2023

இந்த ஆண்டு புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்கு எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (அந்த வருடத்துக்கென்று ஒரு வேதவசனம் எழுதிச் சபையில் கொடுக்கும் அட்டை) சங்கீதம் 91:10 வந்தது. ‘பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது.’ அம்மா அதைப் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்கள். ஜூன் மாதம் என் தம்பி பைக் விபத்தில் இறந்துபோனான். 22 வயது. அட்டை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அம்மா அதைக் கிழிக்கவும் இல்லை, பார்ப்பதும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பால் எடுக்கிறார்கள். சபையில் ஒருவர் ‘கர்த்தரை நம்புங்கள், காரணமில்லாமல் எதுவும் நடக்காது’ என்றார். இன்னொருவர் வீட்டில் ஜெபக்குறைவு என்றார். கஷ்டத்தில் கர்த்தரை நம்புவது என்றால் அன்றாடத்தில் என்னதான் செய்வது? பிரசங்கம் வேண்டாம். பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில், 9 செப்டம்பர், இரவு

ஜெபக்குறைவு என்றவருக்கு முதலில் பதில். வேதத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்தார்கள், கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அவர்களிடம், ‘என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை’ என்கிறார். அதுவரை அவரோடு மல்லுக்கு நின்றவன் யோபு. அவருக்காக வக்காலத்து வாங்கியவர்கள் இவர்கள். திட்டு வக்கீல்களுக்குத்தான் விழுந்தது.

அடுத்தது அட்டை. உங்களுக்கு வந்தது 91-ஆம் சங்கீதத்தின் 10-ஆம் வசனம். அதற்கு அடுத்த இரண்டு வசனங்களை, இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்திவைத்து எடுத்துச் சொன்னவன் யார் என்று மத்தேயு 4-இல் பாருங்கள். பிசாசு. தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள், தாழக் குதியும் என்றான். அந்தச் சங்கீதத்தைக் கத்தரித்து அட்டையாக நீட்டிய முதல் ஆள் அவன்தான்.

10 செப்டம்பர், காலை

நேற்று எழுதியதை இப்போது படித்தேன். கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்த பிள்ளையிடம் பட்டிமன்றம் நடத்தியிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி. 33 வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவளுக்குத் துக்கம் கேட்கப் போன இடத்திலும் சிவப்பு மை கையைவிட்டுப் போகாது.

பட்டவர்கள் சொல்லுங்கள் என்றீர்கள். என் கணவருக்கு 2015 டிசம்பரில் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. இரண்டு வருடம் எட்டு மாதம் டயாலிசிஸ். 2018 ஆகஸ்டில் இறந்தார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

10 செப்டம்பர், மதியம்

சோறு வடித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. மறந்துவிடும் முன் எழுதிவிடுகிறேன்.

நம் சபைகளில் விசுவாசம் என்று பேசப்படுவதெல்லாம் ‘ஆல்’ விகுதியில் முடிகிறது. விசுவாசித்தால் கிடைக்கும். ஜெபித்தால் நடக்கும். காணிக்கை கொடுத்தால் திரும்பி வரும். வேதத்தில் கஷ்டகாலத்தில் பேசியவர்களின் பேச்சைப் பாருங்கள். அங்கே ‘ஆலும்’ வருகிறது. ராஜாவின் சிலையை வணங்காததற்காக அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்கள், எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் ‘விடுவிக்காமற்போனாலும்’ என்கிறார்கள். ஆபகூக் தீர்க்கதரிசி, ‘அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்’ என்று ஆரம்பித்து, ‘தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும்’ என்பதுவரை அடுக்கிக்கொண்டே போகிறார். யோபு, ‘அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்.’

உம்மைக்கு நன்னூலார் எட்டுப் பொருள் சொன்னார். ஒன்பதாவதாக ‘விசுவாச உம்மை’ என்று ஒன்றைச் சேர்த்துவிடலாம் போலிருக்கிறது.

12 செப்டம்பர்

டயாலிசிஸ் பற்றி.

இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு ரத்தக்குழாயை இன்னொன்றோடு சேர்த்துத் தைப்பார்கள். பிஸ்டுலா என்று பெயர். அந்த இடம் புடைத்துக்கொள்ளும். விரல் வைத்துப் பார்த்தால், மடியில் தூங்குகிற பூனையின் வயிற்றில் கை வைத்ததுபோல் உள்ளே குறுகுறுவென்று ஓடும். அந்த ஓட்டம் நின்றுபோனால் ஊசி போட வழி இல்லை, திரும்ப ஆபரேஷன். அதனால் தினமும் படுக்கும் முன் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவர் தூங்கிய பிறகு நான்தான் பார்ப்பேன். இரண்டு விரலை அங்கே வைப்பேன். இருக்கிறது. சரி, நாளைக்கு உண்டு.

அந்த இரண்டு வருடமும் நான் ஒழுங்காக ஜெபம் பண்ணியதே கிடையாது. பண்ண வரவில்லை. பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தால் ‘உம்முடைய சித்தம்’ என்ற இடத்தில் நாக்கு நின்றுவிடும். 13-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் ‘எதுவரைக்கும்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டேன். டம்ளர் கழுவும்போது, விடிகாலை பஸ்ஸில் அவர் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கும்போது, எதுவரைக்கும், எதுவரைக்கும். அதை ஜெபம் என்று அப்போது நான் நினைக்கவில்லை. முணுமுணுப்பு என்றுதான் நினைத்தேன். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் முணுமுணுத்துத் தண்டனை வாங்கிய கதையெல்லாம் நினைவுக்கு வந்து பயமாகவும் இருக்கும்.

வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். போனதும் எடை பார்ப்பார்கள். சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்ததெல்லாம் அப்படியே எடையாக நிற்கும். இரண்டு கிலோ, மூன்று கிலோ கூடியிருக்கும். அதை மெஷின் இறக்கும். கடைசி அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும், பாதத்தை நான் நெட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டிருப்பேன். தண்ணீர் ஒரு நாளைக்கு 700 மில்லி. எவர்சில்வர் டம்ளரில் நகப்பூச்சால் கோடு போட்டு வைத்திருந்தேன்.

இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, எல்லாம் பொட்டாசியம். பதநீரும் கூடாது. எங்கள் ஊர் பனங்காட்டு ஊர், அவர் பனையேறி வீட்டுப் பிள்ளை. சித்திரை மாதம் சைக்கிளில் பதநீர் வரும். எனக்கு ஒரு பட்டை ஊற்றச் சொல்லி, அந்த ஓலைப்பட்டையை இரண்டு கையாலும் வாங்கி மூக்கருகே வைத்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு என்னிடம் கொடுப்பார். நான் குடித்துத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கோபம் வந்துவிடும்.

கஷ்டத்தில் நம்புவது அன்றாடத்தில் என்ன என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இது பதிலா என்று தெரியவில்லை.

15 செப்டம்பர்

திருத்தம். இறையியல் கல்லூரியில் எபிரெயு படித்த என் அக்கா மகன் 10-ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டுப் போன் செய்தான். “சித்தி, மூன்று சாட்சியைக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள், மூன்றாவது சாட்சி பிறழ்சாட்சி” என்றான்.

யோபு 13:15-இல் ‘லோ’ என்று ஒரு சொல் வருகிறதாம். எபிரெயுவில் ஒரே உச்சரிப்பில் இரண்டு ‘லோ’ உண்டு. ஓர் எழுத்து மாறினால் ‘இல்லை’, இன்னோர் எழுத்தில் ‘அவருக்கு, அவரை’. ஏட்டின் உள்ளே எழுதியிருப்பது ‘இல்லை’. அதாவது, அவர் என்னைக் கொல்லுவார், எனக்கு நம்பிக்கை இல்லை. வாசிக்கும்போது ‘அவரை’ என்று வாசி என ஓரத்தில் குறித்துவைத்தார்கள், ஏட்டைப் பிரதியெடுத்த வேதபாரகர்கள். நம் தமிழ் வேதாகமம் ஓரத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டது. சில ஆங்கில மொழிபெயர்ப்புகள் உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டன.

ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாய்ச் சொல்லிப் பரிசு வாங்கிய வசனம் அது. இரவு தூக்கம் வரவில்லை.

16 செப்டம்பர்

விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து யோசித்தது. அந்த வேதபாரகர்கள் ஒரு ‘லோ’வை அழித்துவிட்டு மற்றதை எழுதியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நம்பிக்கை இல்லை என்பதை உள்ளேயும் நம்பியிருப்பேன் என்பதை ஓரத்திலும் வைத்து, இரண்டையும் பிரதி பிரதியாக எழுதிக் கடத்தியிருக்கிறார்கள். வாயால் சொன்னால் இரண்டும் ஒரே ஓசை. யோபு சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு எது என்று தெரிந்திருக்காது. யோபுவுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

இன்னொரு திருத்தமும் செய்துவிடுகிறேன். ‘ஆல்’ என்றாலே வியாபாரம் என்பதுபோல் எழுதிவிட்டேன். ‘நீ விசுவாசித்தால் தேவனுடைய மகிமையைக் காண்பாய்’ என்று, சகோதரனைப் பறிகொடுத்த மார்த்தாளிடம் சொன்னவர் இயேசு. அதில் ‘ஆல்’ இருக்கிறது. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் அழுதிருந்தார் என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. இலக்கணத்தை வைத்துக்கொண்டு கர்த்தரை மடக்கப் பார்த்தது என் தப்பு. ஆனாலும் சூளையிலும் ஆபகூக்கிலும் வருகிற ‘ஆலும்’ இரண்டையும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

2 அக்டோபர்

இன்று காந்தி ஜெயந்தி, விடுமுறை. பாரமாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு வேடிக்கை சொல்கிறேன்.

பல வருடத்துக்கு முன் எங்கள் சபையில் ஒருவருக்குப் புத்தாண்டு அட்டையில் ஏசாயா 54:2 வந்தது. ‘உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு.’ தை பிறந்ததும் காம்பவுண்டுச் சுவரைப் பக்கத்து மனையில் இரண்டு அடி தள்ளிக் கட்டிவிட்டார். பக்கத்து மனைக்காரரும் நம் சபைதான். அவருக்கு வந்த அட்டை சங்கீதம் 16:6, ‘நேர்த்தியான இடங்களில் எனக்குப் பங்கு கிடைத்தது.’ இருவரும் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஐயரிடம் வந்து நின்றார்கள். (எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) ஐயர் இரண்டையும் வாங்கிப் படித்துவிட்டு, “சர்வேயரைக் கூப்பிடுங்கள்” என்றார்.

20 அக்டோபர்

அந்த வேடிக்கையை எழுதியதிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த இரண்டு அட்டையையும் எழுதியது நான்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் 20 வருடத்துக்கு மேல் அட்டை வேலை என்னுடையது. நல்ல கையெழுத்து என்று கொடுத்தார்கள். கலர் சார்ட் வாங்கி, சாப்பாட்டு மேசையில் விரித்து, விரல் நீளத்துக்கு வெட்டி, வருடத்துக்கு 240 அட்டை. வசனத்தைத் தேர்ந்தெடுப்பதும் நான்தான். பிசாசுதான் முதலில் கத்தரித்தான் என்று முதல் நாள் கெட்டிக்காரத்தனமாக எழுதினேனே, கத்தரிக்கோல் என் கையில் இருந்தது.

எரேமியா 29:11 எல்லா வருடமும் உண்டு. சமாதானத்துக்கேதுவான நினைவுகள், எதிர்பார்த்திருக்கும் முடிவு. அதற்கு முந்தின வசனத்தில் அந்த முடிவு வர எழுபது வருடம் ஆகும் என்று இருக்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு எழுதின கடிதம் அது. வீட்டைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், உடனே ஊர் திரும்ப மாட்டீர்கள் என்கிற கடிதம். அதை நான் எழுதியதில்லை. அட்டையில் இடம் இல்லை.

இடம் இல்லை என்பதும் பொய். யோவான் 16:33-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு, ஆனாலும் திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்.’ அவ்வளவும் ஓர் அட்டையில் அடங்கும். நான் ‘திடன்கொள்ளுங்கள்’ என்று ஆரம்பித்து எழுதினேன். ‘உபத்திரவம் உண்டு’ போயிற்று. அதோடு சேர்ந்து ‘ஆனாலும்’ என்பதும் போயிற்று. ஆலும், ஆலும் என்று இங்கே முழங்கிவிட்டு, 20 வருடம் அதைத்தான் வெட்டிப் போட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டு அட்டையை எழுதியது யாரோ. என்னைப் போன்ற ஒருத்தியாகத்தான் இருக்கும்.

21 அக்டோபர்

இதையும் சொல்லிவிடுகிறேன், பாதி சொல்லி நிறுத்துவது சரியில்லை.

2018 புத்தாண்டு. அவருக்கு உடம்பு மிகவும் தளர்ந்திருந்தது. அட்டைத் தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனது நான். அவர் உட்கார்ந்திருந்த வரிசைக்கு வருமுன்பே ஓர் அட்டையை உள்ளங்கையில் ஒளித்துவைத்திருந்தேன். சங்கீதம் 118:17. ‘நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்.’ அவர் கையை நீட்டியதும் தட்டிலிருந்து எடுப்பதுபோல் எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “மை கலங்கியிருக்கிறது” என்றார். என் கை வியர்வை. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அட்டையைச் சட்டைப் பையில் டயாலிசிஸ் நோட்டோடு வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து ஆராதனையில் சாட்சி நேரம். சாட்சி நேரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆபரேஷன் இல்லாமல் சுகமானவர், விசா கிடைத்தவர், இடம் விற்றவர். சுகமாகாதவர்கள் எழுந்து நிற்பதற்கு அங்கே இடமே கிடையாது. இவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “செவ்வாய்க்கிழமை இரண்டு கிலோ எண்ணூறு கூடியிருந்தது. இறக்கிவிட்டார்கள். வியாழக்கிழமை மூன்று கிலோ. இறக்கிவிட்டார்கள். கால் இழுத்தது, டீச்சர் பிடித்துக்கொண்டாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.” உட்கார்ந்துவிட்டார். சபையில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி மட்டும் ஆமென் என்றாள்.

அடுத்த ஞாயிறும் எழுந்தார். அதற்கு அடுத்த ஞாயிறும். கிலோக் கணக்கு. எனக்கு வெட்கமாக இருந்தது, பெஞ்சுக்குக் கீழே அவர் வேட்டியைப் பிடித்து இழுத்திருக்கிறேன். ஒரு நாள் வீட்டில் சண்டையே போட்டேன். அதற்கு அவர், “நீ கொடுத்த வசனத்தில் முதல் பாதி உன் பாடு, கர்த்தர் பாடு. விவரிப்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது, அதைச் செய்ய விடு” என்றார். ‘நீ கொடுத்த’ என்றார்.

5 நவம்பர்

கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதியிருந்தார். 21-ஆம் தேதிக் குறிப்பை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாராம். அம்மா கேட்டுவிட்டு, “அந்த டீச்சர் பாவம்” என்றார்களாம். அவ்வளவுதான். அட்டை அங்கேயேதான் இருக்கிறது. இதை இங்கே போட அனுமதி கேட்டுத்தான் போடுகிறேன்.

அம்மாவிடம் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டாம் தம்பி. அட்டையை நீங்கள் எடுத்துவிடவும் வேண்டாம். சங்கீதப் புத்தகத்திலேயே 88 என்று ஒன்று இருக்கிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் அழுதுவிட்டுக் கடைசியில் ஒரு ஸ்தோத்திரத்தில் கரையேறும். 88 கரையேறுவதில்லை. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று முடிகிறது. எபிரெயுவில் கடைசிச் சொல் ‘இருள்’ என்று அக்கா மகன் சொன்னான். (இந்தத் தடவை கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) அதையும் வெளியே தள்ளாமல் 150-இல் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். உங்கள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பால் எடுப்பதும் எனக்கு அந்த வகையாகத்தான் தெரிகிறது.

6 நவம்பர்

பிரசங்கம் வேண்டாம் என்று நீங்கள் ஆரம்பத்தில் சொன்னது எனக்கு டோனாவூர் அம்மையை நினைவூட்டியது. ஏமி கார்மைக்கேல். அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி. 1901 முதல் டோனாவூரில் குழந்தைகளை வளர்த்தவர். 1931 செப்டம்பர் 24 அன்று களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது, இருட்டுகிற நேரத்தில் புதிதாகத் தோண்டியிருந்த குழியில் காலை வைத்து விழுந்தார். கால் முறிந்தது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் ஓர் அறையிலேயே படுக்கையில் கிடந்தார்.

வலியில் கிடந்தபோது அவருக்கு ஆறுதல் துண்டுப் பிரதிகள் நிறைய வந்தன. அவற்றைப் படித்து அவருக்கு ஆறுதலே வரவில்லை. நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதியவை அவை என்பதைக் கண்டுகொண்டார். பிறகு நோயாளி நோயாளிக்கு எழுதுவதுபோல் தானே எழுதினார்.

மாணவிகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை டோனாவூர் போயிருக்கிறேன். கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி இருக்கிறது, அதில் ‘அம்மை’ என்று மட்டும் இருக்கிறது. ஒரு பிள்ளை தொட்டியில் கையை விட்டு அளைந்தாள். அதட்டினேன். இன்று நினைத்தால் ஏன் அதட்டினேன் என்று இருக்கிறது.

3 டிசம்பர்

அவர் இறந்த பிறகு அட்டை வேலையை விட்டுவிட்டேன். இந்த வருடம் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வசனங்களை முழுசாக எழுதப் போகிறேன் என்று சேகரக் கமிட்டியில் சொன்னேன்.

ஒரு மணி நேரம் பேசினார்கள். புத்தாண்டு அன்று ‘உபத்திரவம் உண்டு’ என்று கையில் கொடுத்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்றார் ஒருவர். காணிக்கைத் தட்டு இளைத்துவிடும் என்றார் பொருளாளர், விளையாட்டாகத்தான், ஆனால் முழு விளையாட்டும் இல்லை. ஐயர் கடைசியில் 40 அட்டைக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். மீதி 200 வழக்கம்போல். யோவான் 16:33 முழுசாக எழுதினால் என் இப்போதைய கண்பார்வைக்குப் பெரிய எழுத்தில் அட்டை நீளமாகிவிடுகிறது. இரண்டாக மடிக்க வேண்டியிருக்கிறது.

27 டிசம்பர்

பத்து நாளாக மின்சாரம் இல்லை, போன் இல்லை. உயிரோடு இருக்கிறேன். விசாரித்தவர்களுக்கு நன்றி.

17-ஆம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போதே மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. என்று பிறகு பேப்பரில் பார்த்தேன். தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தது. இடுப்பளவு. இரண்டு இரவு பள்ளிக்கூட மாடியில் இருந்தோம், நான் பாடம் நடத்திய அதே அறையில். ஏரல் ஊரே வெளித்தொடர்பு இல்லாமல் துண்டாகிவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பேரோடு நின்றுபோனதும், பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் கோவிலில் உலை வைத்து அவர்களுக்குச் சோறு போட்டதும் உங்களுக்குச் செய்தியில் தெரிந்திருக்கும். எங்களுக்கு அது மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

தண்ணீர் வடிந்த பிறகு பக்கத்து வீட்டுத் தொழுவத்துக்குப் போனேன். இரண்டு பசு, ஒரு கன்று. கயிற்றை அவிழ்த்துவிட நேரமில்லை. முளைக்கம்பும் கயிறும் மட்டும் சேற்றில் கிடந்தன. வீட்டுக்காரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ‘தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும்.’ வசனம் எனக்கு நினைவுக்கு வந்தது. செப்டம்பரில் அதை எவ்வளவு வீறாப்பாக எழுதினேன். அதற்கு அடுத்த வரியில் ‘மகிழ்ச்சியாயிருப்பேன்’ என்று வருகிறது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆபகூக் தன் தொழுவத்தைப் பற்றிச் சொன்னார், அடுத்தவள் தொழுவத்தைப் பற்றிச் சொல்லவில்லை. வாளியை எடுத்து இருவருமாகச் சேற்றை அள்ளினோம். மாலைவரை அள்ளினோம். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த 240 அட்டையும் ஊறிக் கூழாகிவிட்டன. பச்சை, ரோஸ், மஞ்சள் எல்லாம் ஒரே பிண்டம். அவருடைய டயாலிசிஸ் நோட்டு மேல் அலமாரியில் இருந்ததால் தப்பியது. கலங்கிய அட்டை அதற்குள் இருக்கிறது.

1 ஜனவரி 2024

நள்ளிரவு ஆராதனை நடந்தது. கோவிலில் சேற்று வாடை இன்னும் போகவில்லை. சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிறது, சின்னப்பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று உயரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டர் இரண்டு முறை நின்றது.

அட்டை 90 தான் எழுத முடிந்தது. சார்ட் கிடைக்கவில்லை, பள்ளிக்கூடத்துப் பழைய விடைத்தாளின் வெற்றுப் பக்கத்தில் எழுதினேன். கமிட்டிக் கணக்கையெல்லாம் நான் பார்க்கவில்லை. பாதிக்கு மேல் முழு வசனம், மடித்தவை. தட்டைப் பார்த்தால் மருந்துக்கடைப் பொட்டலம்போல் இருந்தது.

அன்று ஆமென் சொன்ன பாட்டி இப்போதும் அதே பின்வரிசையில்தான் உட்காருகிறாள். அவள் வீட்டுச் சுவர் ஒன்று விழுந்துவிட்டது, பேரன் வீட்டில் இருக்கிறாள். ஒன்றை எடுத்துப் பிரித்து, கண்ணாடி இல்லாததால் என்னிடமே நீட்டி வாசிக்கச் சொன்னாள். யோவான் 16:33. ‘உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு’ என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அதைத்தான் பார்த்துவிட்டேனே, டீச்சர். வேறு ஒன்று கொடுங்கள்.”

தட்டைக் கிளறி, மடிக்காத ஒன்றாகப் பார்த்து மாற்றிக் கொடுத்தேன்.